பாரத்தில் பெயர் வந்து உட்கார்ந்த கதை

முகூர்த்த மாதங்களில் அந்தக் கால அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகை மேட்டரைக் கலைக்க மாட்டார்கள். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று முடியும் வரை ஈய எழுத்தில் கோத்தது அப்படியே கட்டிக் கிடக்கும். மணமகன் பெயர், மணமகள் பெயர், தேதி, மண்டபம் என்று சில இடங்களை மட்டும் பிரித்து, வேறு எழுத்துக் கோத்து, மறுபடி இறுக்கி மிஷினில் ஏற்றுவார்கள். ஆவணி வந்தால் ஒரே நாளில் பல கல்யாணங்களுக்குப் பத்திரிகை கொடுக்க முடிந்தது அதனால்தான்.

இன்று இ-சேவை மையத்தில் பட்டா எண்ணைச் சொன்னதும் நம் பெயரும் சர்வே எண்ணும் பரப்பளவும் திரையில் வந்து உட்காருகின்றன. அதுவும் கலைக்காத மேட்டர்தான். தலைப்பு, கோடு, கட்டம், கீழே உள்ள குறிப்பு எல்லாம் எல்லாருக்கும் ஒன்று. நடுவில் சில காலி இடங்கள். நாம் கேட்ட நிமிடத்தில் எங்கோ இருக்கும் சர்வர் தன் பதிவேட்டிலிருந்து நம் விவரத்தை எடுத்து அந்த இடங்களில் நிரப்பி அனுப்புகிறது.

அந்தக் காலி இடங்களை எப்படி எழுதி வைப்பது? கேட்டால் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் 1999 முதல் சுமார் பத்து வருஷம் இதைப் பற்றி ஓயாமல் தர்க்கம் நடந்தது. அந்த வருஷங்களில் நான் சென்னையில் அந்தத் தொழிலில் இருந்தேன். அப்போது எடுத்த முடிவுகளின் பலனை இன்றும் பல ஆபீஸ்கள் அனுபவித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்த வரலாற்றை ஒரு தரம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஆரம்பத்தில் இணையப் பக்கம் என்பது அச்சடித்த நோட்டீஸ் மாதிரி. யார் கேட்டாலும் ஒரே தாள். 1993-இல் சி.ஜி.ஐ. என்று ஒரு முறை வந்தது. கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி ஒரு புரோகிராம் ஓடி, பக்கத்தின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தானே சொல்லிக்கொண்டே போகும். ஒரு பத்திரிகைக்காக மொத்த மேட்டரையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோப்பது போன்ற வேலை. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் பி.எச்.பி.யை வெளியிட்டார். அதே வருஷம் கோல்டுஃபியூஷன் வந்தது. 1996 கடைசியில் மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. வந்தது. இவை மூன்றும் விஷயத்தைத் திருப்பிப் போட்டன. பக்கத்தை முதலில் எழுதிவிடு, மாறுகிற இடத்தில் மட்டும் புரோகிராமைச் செருகு என்றன. கலைக்காத மேட்டர் பிறந்தது இங்கேதான்.

ஜாவா மொழியை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இந்த வழிக்கு 1999-இல்தான் வந்தது. ஜாவா சர்வர் பேஜஸ், சுருக்கமாக ஜே.எஸ்.பி. அதில் பக்கத்தின் நடுநடுவே ஜாவா வரிகளை எழுதலாம். ஸ்கிரிப்ட்லெட் என்று பெயர். முதல் மாதம் எல்லாருக்கும் ஆனந்தமாக இருந்தது. ஆறாவது மாதம் தலைவலி தொடங்கியது.

தலைவலிக்குக் காரணம் இது. பக்கத்தின் அழகைப் பார்ப்பவர் ஒருவர், கணக்கைப் பார்ப்பவர் இன்னொருவர். இருவருக்கும் ஒரே ஃபைல். "கடன் பாக்கி இருந்தால் இந்தக் கட்டத்தைக் காட்டு" என்று கணக்குக்காரர் ஒரு அடைப்புக்குறியைத் திறந்து, இருநூறு வரி தள்ளி அதை மூடியிருப்பார். அழகுக்காரர் அந்தக் கட்டத்தை மேலே நகர்த்துவார். மூடும் குறி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். மறுநாள் காலையில் பக்கம் திறக்காது. யார் மேல் தப்பு என்று ஒரு மணி நேரம் கூட்டம் நடக்கும். பார்த்தால் ஒரே ஒரு அடைப்புக்குறி.

இதற்கு மருந்தாகத்தான் 1999 டிசம்பரில் வந்த ஜே.எஸ்.பி. 1.1 பதிப்பில் டேக் லைப்ரரி என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். இணையப் பக்கம் எழுதும் ஹெச்.டி.எம்.எல். மொழியே டேக்குகளால் ஆனது. 'இது தலைப்பு', 'இது பட்டியல்', 'இது படம்' என்று கூரான அடைப்புக்குறிக்குள் எழுதும் சீட்டுகள் அவை. அந்தச் சீட்டுகளோடு நாமே புதிய சீட்டுகளையும் உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் புதிய ஏற்பாடு. 'பாக்கி இருந்தால்' என்று ஒரு சீட்டு, 'பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும்' என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணக்குக்காரர் தனியாக ஜாவாவில் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைப்பார். பக்கம் செய்பவர் பெட்டியிலிருந்து சீட்டை எடுத்து ஒட்டினால் போதும். ஜாவாவே தெரிய வேண்டாம்.

ஏற்பாடு நல்லது. ஆனால் பெட்டியைக் கொடுத்தார்களே தவிர, உள்ளே போட வேண்டிய சாமானைக் கொடுக்கவில்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு பெட்டி செய்தார்கள். எந்தப் பெட்டியை எடுப்பது என்ற சண்டையும் உடனே பிறந்தது.

முதலில் பெரிதாகப் பரவியது ஸ்ட்ரட்ஸ். கிரெய்க் மெக்லானஹன் என்பவர் எழுதி 2000-இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தார். 2001-இல் 1.0 பதிப்பு வந்தது. அது வெறும் டேக் பெட்டி இல்லை. பக்கம், கணக்கு, இவற்றை இணைக்கும் பாதை என்று ஒரு முழு அலுவலக நடைமுறையையே வகுத்துக் கொடுத்தது. அதோடு ஹெச்.டி.எம்.எல்., பீன், லாஜிக் என்று சில டேக் பெட்டிகளும் வந்தன.

சென்னைக்கு அது சரியான நேரத்தில் வந்தது. 2000-ஆம் ஆண்டுக் கோளாறு வேலைகள் எல்லாம் முடிந்து, அடுத்து என்ன என்று கம்பெனிகள் பார்த்துக்கொண்டிருந்த சமயம். என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், எஸ்.எஸ்.ஐ. பலகைகள் ஊருக்கு ஊர் தொங்கின. வாலாஜாபாத் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறிச் செங்கல்பட்டு வழியாகத் தாம்பரம் போகும் பையன்கள் கையில் தடித்த ஜாவா புத்தகம் இருக்கும். ஸ்ட்ரட்ஸ் தெரியும் என்றால் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்ற நிலை. நம் மண்ணில் வளர்ந்த அட்வென்ட்நெட், 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி, அதன் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் மென்பொருளின் பக்க முகவரிகளைப் பார்த்தால் 'டாட் டூ' என்று முடியும். ஸ்ட்ரட்ஸ் காலத்து வழக்கம் அது. மரத்தின் வயதை வளையத்தில் பார்ப்பதுபோல, இணைய முகவரியின் வாலைப் பார்த்து அது எந்த வருஷத்துச் சரக்கு என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிடுவார்கள்.

ஸ்ட்ரட்ஸின் ஹெச்.டி.எம்.எல். பெட்டியில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. தாலுகா ஆபீஸில் பாரம் கொடுத்து, பதினேழாவது காலத்தில் ஒரு தப்பு என்றால் என்ன செய்வார்கள்? புதுப் பாரம் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி எழுதச் சொல்வார்கள். ஆரம்ப கால இணையப் பாரங்களும் அப்படித்தான் இருந்தன. ஒன்று தப்பானால் எல்லாம் அழிந்து வெறும் பாரம் வந்து நிற்கும். ஸ்ட்ரட்ஸ் டேக்கால் செய்த பாரமோ, நாம் முதலில் எழுதியதை எல்லாம் அப்படியே வைத்துத் தப்பான இடத்தை மட்டும் காட்டித் திருப்பி அனுப்பும். இதற்காக மட்டுமே அதை எடுத்தவர்கள் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் அதன் லாஜிக் பெட்டி எனக்குப் பிடித்ததே இல்லை. 'சமம் என்றால்' ஒரு டேக், 'சமம் இல்லை என்றால்' இன்னொரு டேக், 'இருந்தால்' ஒன்று, 'இல்லாவிட்டால்' ஒன்று. இரண்டு நிபந்தனையைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் பெட்டிக்குள் பெட்டி வைத்துக்கொண்டே போக வேண்டும்.

2002 ஜூனில் ஜே.எஸ்.டி.எல். வந்தது. ஜாவா சமூகத்தின் முறைப்படி 52-ஆம் எண் கோரிக்கையாகப் பதிவாகி, பல கம்பெனிகளின் ஆட்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பொதுப் பெட்டி. கோர் என்ற அடிப்படைப் பெட்டி, மொழி, தேதி, எண்ணுக்கு ஒரு பெட்டி, எக்ஸ்.எம்.எல்.லுக்கு ஒன்று, தரவுத்தளத்தை நேராகத் தொட எஸ்.க்யூ.எல். பெட்டி ஒன்று. கடைசிப் பெட்டியைப் பெரியவர்கள் யாரும் தொடாதே என்றார்கள். பக்கம் செய்கிறவர் கையில் பதிவேட்டு அறையின் சாவியைக் கொடுப்பது போன்ற விஷயம் அது. இதனுடன் ஒரு சின்ன மொழியும் வந்தது. டாலர் குறி போட்டு வளைந்த அடைப்புக்குள் 'விவசாயி புள்ளி பெயர்' என்று எழுதினால் விவசாயியின் பெயர் வந்து உட்காரும். அவ்வளவுதான். ஸ்ட்ரட்ஸில் மூன்று வரி பிடித்த வேலை ஒரே வரியில் முடிந்தது.

கோர் பெட்டியில் 'ஃபார்ஈச்' என்று ஒரு டேக். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போடு என்று அர்த்தம். அதன் அருமையை நம் மாவட்டத்தை வைத்தே சொல்லலாம். 1997-இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் உடைந்து காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆனது. 2019 நவம்பரில் காஞ்சிபுரமும் உடைந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. வாலாஜாபாத்தும் உத்திரமேரூரும் இந்தப் பக்கம் நின்றன, மதுராந்தகமும் திருக்கழுக்குன்றமும் அந்தப் பக்கம் போயின. தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று அந்த ஒரே மாதத்தில் 32 மாவட்டம் 37 ஆனது. மறு வருஷம் மயிலாடுதுறையும் சேர்ந்து 38. ஒரு பாரத்தில் 'உங்கள் மாவட்டம்' என்ற பட்டியலைப் பக்கத்திலேயே கையால் எழுதி வைத்திருந்தால், அப்படிப்பட்ட பக்கம் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்தப் பாரத்தில் செங்கல்பட்டுக்காரர் காஞ்சிபுரத்துக்காரராகவே இருப்பார். ஃபார்ஈச் போட்டிருந்தால் பதிவேட்டில் ஐந்து பெயர் சேர்த்தால் போதும், பக்கங்கள் தாமே மாறிக்கொள்ளும்.

அப்படியானால் எல்லாரும் உடனே ஜே.எஸ்.டி.எல்.லுக்கு மாறினார்களா என்றால், இல்லை. ஒரு காரணம், ஓடுகிற வண்டியை நிறுத்தி யாரும் சக்கரம் மாற்ற மாட்டார்கள். இன்னொன்று ஒரு சின்ன எழுத்து வம்பு. எந்தப் பெட்டி வேண்டும் என்பதைப் பக்கத்தின் தலையில் ஒரு முகவரியாக எழுத வேண்டும். 1.0 பதிப்பின் முகவரியில் 'ஜே.எஸ்.டி.எல்.' என்று மட்டும் இருந்தது. 2003 கடைசியில் ஜே.எஸ்.பி. 2.0-வுடன் ஜோடி சேர்ந்த 1.1-இல் நடுவே 'ஜே.எஸ்.பி.' என்று ஒரு சொல் சேர்ந்தது. புத்தகத்தைப் பார்த்துப் பழைய முகவரியை எழுதிவிட்டு, புதிய சர்வரில் ஏற்றிய பையன்கள் எத்தனை பேர்! சர்வரும் பெட்டியும் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்றால், பெயர் வர வேண்டிய இடத்தில் டாலர் குறியும் அடைப்புக்குறியும் அப்படியே வந்து நிற்கும். ஒன்றரை வருஷத்தில் விதியை மாற்றலாமா என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில் 919-இல் குடவோலை விதிகளை வெட்டினார்கள், இரண்டே வருஷத்தில், 921-இல், இன்னும் விரிவாகத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். கல்லில் வெட்டியதற்கே அந்தக் கதி.

இனி தமிழுக்கு வருகிறேன். இந்தப் பெட்டிகளைச் செய்தவர்கள் யாரும் நம்மை நினைத்துச் செய்யவில்லை. நம் பிரச்சினை தனி.

மொழிக்கான பெட்டியில் 'மெசேஜ்' என்று ஒரு டேக் உண்டு. பக்கத்தில் 'பெயர்', 'முகவரி', 'சமர்ப்பி' என்றெல்லாம் நேராக எழுதாமல் ஒரு குறியீட்டை எழுதி வைத்தால், பார்ப்பவர் தமிழ் கேட்டால் தமிழ்ச் சொல்லும், ஆங்கிலம் கேட்டால் ஆங்கிலச் சொல்லும் வரும். சொற்கள் தனியாகப் பிராபர்ட்டீஸ் என்ற ஃபைலில் இருக்கும். இரண்டு மொழி அரசாங்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஜாவா பிறக்கும்போதே யூனிகோடோடு பிறந்த மொழியாக இருந்தும், அந்தப் பிராபர்ட்டீஸ் ஃபைல் மட்டும் லத்தீன் எழுத்துத்தான் படிக்கும் என்று வைத்துவிட்டார்கள். தமிழ் வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்துக் குறியையும் ஆறு இடம் பிடிக்கும் ஒரு எண்ணாக மாற்றி எழுத வேண்டும். 'வாலாஜாபாத்' என்பது நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் துணைக்காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால் பத்து. பிராபர்ட்டீஸ் ஃபைலில் அறுபது! மாற்றிக் கொடுக்க ஒரு சின்னக் கருவி இருந்தது. ஆனால் மாற்றிய பிறகு அந்த ஃபைலைத் திறந்து பார்த்தால் எது வாலாஜாபாத், எது உத்திரமேரூர் என்று எந்தப் புலவராலும் சொல்ல முடியாது. எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டுமென்றால் மூல ஃபைலைத் தேடு, திருத்து, மறுபடி மாற்று. பல இடங்களில் மூல ஃபைல் தொலைந்துபோயிருக்கும். அரசுப் பக்கங்களில் ஒரு தமிழ்ப் பிழை வருஷக்கணக்கில் அப்படியே இருப்பதைப் பார்த்துத் தமிழாசிரியர்கள் நொந்துகொள்வார்கள். அப்போதெல்லாம் எனக்கு இந்த அறுபது எழுத்துத்தான் ஞாபகம் வரும். 2017-இல் வந்த ஜாவா 9-இல்தான் இந்தத் தொல்லை தீர்ந்தது, அந்த மாற்றும் கருவியையும் அதோடு எடுத்துவிட்டார்கள்.

அதற்கும் முந்திய காலத்தில் வேறொரு கூத்து. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற எழுத்து ஏற்பாடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டார்கள். தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது 2010 ஜூனில். நடுவில் ஆளுக்கொரு எழுத்துரு. அவற்றில் பாமினி என்ற எழுத்துருவைப் பலரும் அறிவார்கள். அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கிலப் பொத்தான்களின் மேல் உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஆங்கிலக் குறிதான், நம் கண்ணுக்குத்தான் தமிழ். அந்த ஏற்பாட்டில் 'ஈ' என்ற எழுத்து எங்கே உட்கார்ந்திருந்தது தெரியுமா? கூரான அடைப்புக்குறி திறக்கும் இடத்தில். டேக் தொடங்கும் அதே குறி. ஆகவே பதிவேட்டில் பாமினியில் 'ஈரோடு' என்று எழுதி வைத்து, அதை எடுத்து அப்படியே பக்கத்தில் போட்டால், ஏதோ புதிய டேக் தொடங்குகிறது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். தெரியாத டேக் என்பதால் பேசாமல் விட்டுவிடும். திரையில் ஈரோடு இருக்காது. ஊரே காணாமல் போய்விடும்.

கோர் பெட்டியின் 'அவுட்' என்ற டேக்கின் வழியாகப் பெயரை அனுப்பினால் இந்த ஆபத்து இல்லை. அந்த டேக், கூரான அடைப்புக்குறி போன்ற குறிகளைக் கண்டால் 'இது வெறும் எழுத்து, கட்டளை இல்லை' என்று தெரிகிற மாதிரி மாற்றி அனுப்பும். ஸ்ட்ரட்ஸின் பீன் பெட்டியில் இருந்த 'ரைட்' டேக்கும் அப்படியே செய்யும். ஈரோடு பத்திரமாக வந்து சேரும்.

இது ஈரோட்டோடு முடிகிற விஷயம் இல்லை. விண்ணப்பத்தில் 'முகவரி' என்ற கட்டத்தில் ஒருவன் முகவரிக்குப் பதிலாக ஒரு குட்டிப் புரோகிராமை எழுதி அனுப்புகிறான் என்று வையுங்கள். அதை வடிகட்டாமல் பக்கத்தில் போட்டால், அந்த விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரியின் பிரவுசரில் அந்தப் புரோகிராம் ஓடும். அதிகாரியின் பெயரில், அதிகாரியின் அதிகாரத்தில் ஓடும். அவர் 'அங்கீகரி' என்ற பொத்தானை அமுக்கியதாகவே பதிவாகும். வடிகட்டி இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பட்டா யார் பெயரில் இருக்கிறது என்ற அளவுக்குப் போகக்கூடிய கேள்வி.

இதில் வருத்தமான பகுதி என்னவென்றால், வசதி கூடியபோதுதான் வடிகட்டி குறைந்தது. ஜே.எஸ்.பி. 2.0 வந்ததும் அந்த டாலர் குறி மொழியைப் பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் நேராக எழுதலாம் என்று ஆயிற்று. 'அவுட்' டேக் எதற்கு, தண்டமாக நாலு எழுத்து என்று எல்லாரும் அதைத் தூக்கிவிட்டார்கள். நேராக எழுதிய டாலர் குறிக்கு வடிகட்டி கிடையாது. பக்கம் முன்பைவிட அழகாக, சுருக்கமாக இருந்தது. ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. பழைய பக்கங்களைப் பரிசோதிக்கும் வேலையில் கடைசி சில வருஷங்கள் இருந்தேன். 2004-க்குப் பின் எழுதிய பக்கங்களில்தான் இந்த ஓட்டை அதிகம் கண்ணில் பட்டது.

ஆக, எல்லாவற்றுக்கும் பொதுப் பெட்டியே போதும், சொந்தப் பெட்டியே கூடாது என்று சிலர் சொல்வார்கள். அதையும் நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம், லட்சம்.

பொதுப் பெட்டியில் எண்ணை அழகாகக் காட்ட ஒரு டேக் இருக்கிறது. அதற்குப் பன்னிரண்டரை லட்சத்தைக் கொடுத்தால் 1,250,000 என்று காட்டும். 12,50,000 என்று நாம் மாதிரி எழுதிக் கொடுத்தாலும் கேட்காது. ஜாவாவின் எண் ஏற்பாட்டில் கமாக்களுக்கு நடுவே ஒரே இடைவெளிதான் உண்டு, கடைசிக் கமாவுக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை மட்டும் பார்த்து எல்லா இடத்திலும் அதையே போடும். முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு என்ற நம் கணக்கு அதற்குப் புரியாது. நான் இருந்த ஒரு கம்பெனியில் கடன் கணக்குப் பக்கங்களைக் காட்டியபோது எதிரே உட்கார்ந்திருந்த கணக்கர், "இதைப் படிக்க நான் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறதே" என்றார். அவர் சொன்னது சரி. லட்சக் கமாவுக்காக ஒரு சொந்த டேக் எழுதினோம். நாற்பது வரிக்குள் முடிந்த வேலை.

ஆபத்து அதற்குப் பின் வந்தது. லட்சக் கமாவுக்கு ஒன்று எழுதியாயிற்று, தேதிக்கும் எழுதுவோமே என்றார் ஒரு கெட்டிக்காரப் பையன். பிறகு கிராமப் பட்டியலுக்கு, பக்க எண்ணுக்கு, அச்சு எடுக்க. பெட்டி பெருத்தது. விளக்கக் குறிப்பு ஒன்றும் எழுதவில்லை, எல்லாம் அவன் தலைக்குள். இரண்டு வருஷம் கழித்து அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. புதிதாக வந்த பிள்ளைகள் ஒரு டேக்கைத் திருத்தினால் மூன்று பக்கம் உடையும். புதிதாகச் சேரும் யாரும் வெளியே அந்தப் பெட்டியைக் கற்றுக்கொண்டு வர முடியாது, கற்றுக்கொண்டாலும் வேறு கம்பெனியில் அதற்கு மதிப்பு இல்லை. நிர்வாகம் அதைக் கவனிக்கவில்லை. பையன்கள் இளமையை அதில் தொலைத்தார்கள். ஜே.எஸ்.டி.எல். படித்தவனுக்கு எங்கே போனாலும் சோறு உண்டு. இதையெல்லாம் பெட்டி தேர்ந்தெடுக்கிற கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2004-இல் ஜே.எஸ்.எஃப். வந்தது. அதை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய இருவரில் ஒருவர் ஸ்ட்ரட்ஸ் எழுதிய அதே மெக்லானஹன். ஒரு டேக் ஒட்டினால் முழு அட்டவணையே, காலண்டரே வந்து நிற்கும் என்ற பகட்டு. ரிச்ஃபேசஸ், ஐஸ்ஃபேசஸ், பிரைம்ஃபேசஸ் என்று அதன் மேல் பல பெட்டிகள். ரிச்ஃபேசஸை 2016-இல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பிக் கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு அதில் அனுபவமும் குறைவு.

ஸ்ட்ரட்ஸின் கதை இன்னும் கடுமையானது. முதல் ஸ்ட்ரட்ஸுக்கு இனி திருத்தம் கிடையாது என்று 2013 ஏப்ரலில் அறிவித்தார்கள். இரண்டாவது ஸ்ட்ரட்ஸ், பெயர் ஒன்றானாலும், வேறொரு வம்சம். அதில் ஓ.ஜி.என்.எல். என்று பலம் வாய்ந்த ஒரு குட்டி மொழி இருந்தது. 2017 மார்ச்சில் அதில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்து, திருத்தமும் உடனே வெளிவந்தது. அமெரிக்காவில் கடன் தகுதி பார்க்கும் ஈக்விஃபாக்ஸ் கம்பெனி ஒரு சர்வரில் அந்தத் திருத்தத்தைப் போடவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்து ஜூலை கடைசி வரை இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போயிற்று. அந்த ஓட்டை டேக்கில் இல்லை, ஃபைல் வாங்கும் பகுதியில் இருந்தது. ஆனால் அதே குட்டி மொழி ஸ்ட்ரட்ஸ் டேக்குகளுக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. நாம் எழுதிக் கொடுத்ததை டேக் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கட்டளையாகப் படித்துவிடும் ஓட்டை ஒன்றை 2020-இல் அறிவித்தார்கள்.

பொதுப் பெட்டியை எடுத்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? 2010-இல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது. 2017-இல் ஆரக்கிள் இந்தச் சர்வர் ஜாவா முழுவதையும் எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைத்தது. சாமானைக் கொடுத்தது, பெயரைக் கொடுக்கவில்லை. அதனால் 2018-இல் ஜகார்த்தா என்று புதுப்பெயர் வைத்தார்கள். அது ஒன்றும் புதுப்பெயர் இல்லை. ஜே.எஸ்.டி.எல். முதலில் வளர்ந்த அப்பாச்சித் திட்டத்தின் பெயரே ஜகார்த்தாதான், சன் கம்பெனியில் ஆரம்பப் பேச்சுகள் நடந்த கூட்ட அறையின் பெயர் அது. 2020 டிசம்பரில் வந்த பதிப்பில் உள்ளே 'ஜாவாஎக்ஸ்' என்று இருந்த இடமெல்லாம் 'ஜகார்த்தா' ஆயிற்று. டாம்கேட் 9 சர்வரில் ஓடியது டாம்கேட் 10-இல் அப்படியே ஓடாது. ஜே.எஸ்.டி.எல். வைத்திருந்தவர்களுக்குப் பழைய பெட்டியை எடுத்துப் புதிய பெட்டியை வைப்பதோடு பெரும்பாலும் வேலை முடிந்தது. சொந்த டேக் வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு டேக்கையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. எழுதியவர் போன ஊர் தெரியாத பெட்டிகளை என்ன செய்தார்களோ.

இப்போது புதிதாகக் கட்டுகிறவர்கள் ஜே.எஸ்.பி. பக்கமே வருவதில்லை. தைம்லீஃப் போன்றவை வந்துவிட்டன, அதில் சாதாரணமாகப் பெயரைப் போடும் முறையிலேயே வடிகட்டி உண்டு. இல்லையென்றால் காலி இடத்தை நிரப்பும் வேலையையே பிரவுசரிடம் விட்டுவிடுகிறார்கள். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டிடம் 'இந்திய வழக்கம்' என்று சொன்னால் 12,50,000 என்று சரியாகவே கமா போடுகிறது. சர்வர் பக்கத்து ஜாவாவின் அந்த எண் ஏற்பாடு மட்டும் 21-ஆம் பதிப்பிலும் 1,250,000 என்றுதான் காட்டுகிறது.